தியாம்ஹோக்கின் கிண்ணம்

எங்கள் ஊரில் சிப்பி உடைப்பதில் சியோடி அக்காதான் கெட்டிக்காரி என்று எழுதினால் அவரே சிரிப்பார். அவரைவிட வேகமாக உடைப்பவர்கள் இந்தத் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அவருக்குக் கையைவிட வாய் வேகம். ஒரு கூடை சிப்பி காலியாவதற்குள் ஊர்க்கதை முழுவதும் வந்துவிடும். நடுநடுவே கத்தியை நீட்டி நீட்டிப் பேசுவார். எதிர்க்கரையான சீனாவிலிருந்து வந்து விழுந்த பீரங்கிக் குண்டின் இரும்பில் அடித்த கத்தி அது. கின்மென் தீவில் எல்லார் வீட்டுக் கத்தியும் அப்படித்தான்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். என் கணவரின் தாத்தா இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனார்; பேரன் திரும்பி வரும்போது என்னையும் கூட்டி வந்தார். சியோடி அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வந்த புதிதில் கடலில் ஒரு கப்பல் ஊதினால் போதும், நான் எழுந்து போய்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"என்னடி, பெட்டி இருக்கா? இல்ல, அது மட்டும் தனியா சிங்கப்பூருக்கு ஓடிப்போச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சியோடி அக்கா கேட்பார்.

அவர்கள் வீட்டுக்கு வருடக் கடைசி நாளில் பலகாரம் கொடுக்க முதன்முறை போனபோது, விருந்து மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். சியோடி அக்கா, அவருடைய வீட்டோடு மாப்பிள்ளையான புன் அண்ணன், இரண்டு பிள்ளைகள், பிறகு அக்காவின் அம்மா சாய்ஹுன். கிண்ணங்கள் மட்டும் ஆறு. எனக்கென்று ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அந்த ஆறாவது கிண்ணத்தின் முன்னால் போய் உட்காரப் பார்த்தேன்.

"அங்க இல்லம்மா, அது எங்க வீட்டுக்காரருக்கு" என்றார் சாய்ஹுன் அம்மா. "அவர் கொஞ்சம் லேட்டு."

அவர் நாற்பத்தாறு வருடங்களாக வந்துகொண்டே இருந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வருடக் கடைசி நாளில் வீட்டைவிட்டு எங்கோ இருப்பவர் உயிரோடு இருந்தால், அவருக்கு மேசையில் கிண்ணமும் சாப்பிடும் குச்சிகளும் வைக்க வேண்டும். இறந்திருந்தால், பெயர் எழுதிய பலகையை முன்னோர் மாடத்தில் நிறுத்தி ஊதுபத்தி ஏற்ற வேண்டும். இதை மாற்றிச் செய்துவிடக் கூடாது. உயிரோடிருப்பவருக்கு ஊதுபத்தி காட்டினால் அது அவருடைய ஆயுளைத் தின்னும். இறந்தவருக்குக் கிண்ணம் வைத்தால், உள்ளே வரவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் பசியோடு வாசலிலேயே நிற்பார். அதனால் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய கஷ்டம் இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு வர முடியாது. சியோடி அக்காவின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கஷ்டத்திலேயே போனது.

அவருடைய அப்பா பெயர் சுவா தியாம்ஹோக். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அக்காவுக்கு ஒரு வயது முடிந்த இலையுதிர்காலத்தில், படகின் அடிப்பலகை இடுக்குகளைச் சுரண்டி, எண்ணெயும் சுண்ணாம்பும் புதிதாக அடைப்பதற்காக எதிர்க்கரைக்குப் போனார். படகு பழுது பார்ப்பவர்கள் எல்லாம் அந்தக் கரையில்தான் இருந்தார்கள். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டு, பாதிப் பலகையைப் பிரித்திருந்தபோது செஞ்சேனை அந்தக் கரையைப் பிடித்துவிட்டது. அடுத்த சில நாட்களில் அவர்கள் எங்கள் தீவின் மணலில் இறங்கினார்கள். பெரிய சண்டை நடந்தது. வந்தவர்கள் திரும்பவில்லை. அதோடு கடலை மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் அடிப்பலகை இல்லாத படகோடு தியாம்ஹோக் நின்றார். மறுபக்கம் இடுப்பில் குழந்தையோடு சாய்ஹுன் நின்றார்.

பீகிங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் முழுச் சீனாவும் எங்களுடையது என்றார்கள். எங்கள் தீவைக் கையில் வைத்துக்கொண்டு தைபேயில் உட்கார்ந்திருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நடுவிலிருந்த நீரில் எல்லை என்று ஒரு கோடு கிழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கிழித்தால் அந்தப் பக்கம் தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கோடு இல்லாமலேயே சுட்டுக்கொண்டார்கள்.

சியோடி என்றால் 'தம்பியைக் கூப்பிடு' என்று அர்த்தம். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தால், அடுத்தது ஆணாகட்டும் என்று இங்கே வைக்கிற பெயர். அப்பா ஆசையாக வைத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களாம்: "கூப்புடு கூப்புடு, சத்தமா கூப்புடு, தம்பிக்குக் காது கேக்கல!"

சாய்ஹுன் அம்மா ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஊர்க்கோயிலுக்குப் போய்ப் பிறைக்கட்டைகளைப் போட்டுக் கேட்பார். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கிற இரண்டு மரத்துண்டுகள் அவை. ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சாமி ஆமாம் என்கிறது. இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறது. "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரா?" என்பதுதான் கேள்வி. 'இல்லை' விழுந்தால் சாய்ஹுன் அம்மா தரையைப் பார்ப்பார்.

"தரை சரியில்ல. இந்தப் பக்கம் வாட்டமா இருக்கு."

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி போடுவார். 'ஆமாம்' விழுகிறவரைக்கும் நகர்ந்துகொண்டே இருப்பார். ஒரு வருடம் சாமி மேடையிலிருந்து நகர்ந்து நகர்ந்து வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாராம்.

அக்காவுக்குப் பத்து வயதானபோது பெரிய குண்டுமழை வந்தது. அந்த ஆகஸ்டில் கிணற்றிலிருந்து மூன்றாவதாக இருந்த அவர்கள் வீடு இடிந்து விழுந்தது. அம்மாவும் மகளும் அப்போது மாமா வீட்டுக்குப் பின்னால் தோண்டிய குழிக்குள் இருந்தார்கள். வெளியே வந்து பார்த்தபோது, வீடு இருந்த இடத்தில் அடுப்பு மட்டும் நின்றது. அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் குண்டு விழும் என்று ஒரு கணக்கு ஏற்பட்டது. குண்டு விழாத நாளில் கல்யாணம் வைத்துக்கொண்டார்கள். அக்காவின் கல்யாணமும் அப்படி ஒரு நாளில்தான் நடந்தது. பிற்பாடு குண்டுக்குள் வெடிமருந்துக்குப் பதிலாகப் பிரச்சாரத் தாள் வந்தது. அப்போதும் குண்டின் ஓடு தலையில் விழுந்து ஆட்கள் செத்துத்தான் போனார்கள்.

கடற்கரை முழுக்கக் கண்ணிவெடி. சிப்பி வயலுக்குப் போக இராணுவம் ஒரு வாசல் வைத்திருந்தது. நீர் வற்றும் நேரத்தில் திறப்பார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்களா என்று தலை எண்ணுவார்கள். மிதக்கிற பொருள் எதுவும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நீந்திப் போய்விடுவார்களாம். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துகூட இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. கடிதம் போட்டால் உளவாளி. சாயங்காலம் ஆனால் எதிர்க்கரை ஒலிபெருக்கியில் ஒரு பெண் இனிமையாகப் பேசுவாள்: "கின்மென் சகோதரர்களே, தாய்நாடு உங்களுக்காகக் காத்திருக்கிறது..."

"இவ பேச்சு மட்டும் தெனம் வந்துடுது" என்பார் சாய்ஹுன் அம்மா, மீன் கழுவிக்கொண்டே. "என் புருஷன அனுப்பத்தான் வழியில்ல."

பீரங்கி ஓய்ந்தது. பிறகு இராணுவ ஆட்சியும் போனது. ஹாங்காங் வழியாக விமானத்தில் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய் வரலாம் என்று ஆனது. அப்படிப் போய் வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அந்தக் கரையில் படகுத் துறைக்குப் பக்கத்தில் 'தீவுக்கார ஹோக்' என்று ஒருவர் இருந்தாராம், போய்ச் சேர்ந்துவிட்டாராம், யாரோ சொன்னார்களாம்.

"யாரோ சொன்னாங்கன்னு என் புருஷனுக்கு ஊதுபத்தி காட்டுவேனா?" என்று சாய்ஹுன் அம்மா அவரை விரட்டிவிட்டார். "ஊர்ல எத்தன ஹோக் இருக்கான்!"

சியோடி அக்கா விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அம்மா விடவில்லை.

"படகுல போனவரப் படகுலதான் கூட்டிட்டு வரணும். உயிரோட இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி. ஹாங்காங்ல சுத்தி வந்தா அவருக்கு வழி தெரியுமா? ரெண்டு வேள சாப்பாட்டுக்கு நடுவுல போயிடற தூரத்த உலகம் சுத்தி வரச் சொல்றியா?"

அக்கா அதை வீண் பிடிவாதம் என்று நினைக்கவில்லை. இறந்தவரை இன்னொரு இடத்துக்கு அழைத்து வருகிறபோது, பாலமோ ஆறோ கடலோ எது குறுக்கே வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தாண்டச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் நின்றுவிடுவார். இதை இங்கே சின்னப் பிள்ளைகள்கூட அறிவார்கள். இருந்தாலும் வருடா வருடம் அந்தக் கிண்ணத்தில் சோறு வைக்கும்போது அக்கா வாசலைப் பார்ப்பார். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "எங்கப்பா வாசல்ல பசியோட நிக்கிறாரோன்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்காது. அம்மாவுக்கும் வயசாயிட்டே போகுது. அவங்க கண்ண மூடறதுக்குள்ள இதத் தீக்கணும். இல்லன்னா அவங்க பலகை மாடத்துல தனியா நிக்கும். பக்கத்துல யாரு?"

பிறகு கின்மென்காரர்களுக்கு மட்டும் நேராக எதிர்க்கரைக்குக் கப்பல் விட்டார்கள். ஐம்பத்தோரு வருடம் ஆகியிருந்தது. அக்கா ஒரு பையில் துணியும், இன்னொரு பையில் ஒரு கறுப்புக் குடையும், கடலை மிட்டாய்ப் பெட்டிகள் ஐந்தாறும் எடுத்துக்கொண்டார். உயிரோடு இருந்தால் மிட்டாய் அப்பாவுக்கு, இல்லாவிட்டால் குடை. வெயில் பட்டால் இறந்தவருக்கு ஆகாது.

"குடைய எதுக்குடி எடுக்குற?" என்று அம்மா அதட்டினார்.

"மழை வந்தா?"

"வெயில் காயுது, மழையாம்."

இருவருக்கும் தெரிந்தது. அக்கா குடையைப் பைக்குள் தள்ளினார்.

நான் அந்தக் கப்பலில் இல்லை. இனி வருகிறதெல்லாம் சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பலமுறை கேட்டது.

படகுத் துறைக்குப் பக்கத்தில் தேநீர் விற்றவரிடம் கேட்டபோதே வீட்டைக் காட்டிவிட்டார். வாசலில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"சுவா தியாம்ஹோக் வீடு இதுதானா?"

"ஆமா. அவர் தவறிப் பதினேழு வருஷம் ஆச்சே. நான் அவர் மகன், கியென்செங். நீங்க யாரு?"

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதினேழு வருடக் கிண்ணங்களும் வரிசையாகக் கண் முன்னால் வந்தனவாம். பிறகு சொன்னார்: "நானும் அவர் பொண்ணுதான். கின்மென். சியோடி."

கியென்செங் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். நிழல் விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. ஆனாலும் எழுந்து நான்கடி பின்னால் போய், உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, முந்தாநாள்தானே இவங்களுக்கு ஆரஞ்சு வச்சோம்!"

"எனக்கு எதுக்கும்மா ஆரஞ்சு வச்சீங்க?" என்றார் அக்கா, ஒன்றும் புரியாமல். "எனக்குப் புளிப்பே ஆகாதே."

உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்கள். முன்னோர் மாடத்தில் தியாம்ஹோக்கின் பலகை இருந்தது. ஒரு பக்கத்தில் அவருடைய இரண்டாவது மனைவியின் பலகை, அவரும் போய்விட்டார். மறுபக்கத்தில் சின்னதாக இரண்டு பலகைகள். மரம் கறுத்திருந்தது. ஒன்றில் லிம் சாய்ஹுன். இன்னொன்றில் சுவா சியோடி.

"என் பேர நானே வாசிச்சேன்" என்பார் அக்கா. "முன்னால சாம்பல் இவ்வளவு உசரம். இதுக்குத்தான் எனக்கு வருஷா வருஷம் வயித்துல உப்புசமா இருந்திருக்கு போல."

நடந்ததை கியென்செங் சொன்னார். அந்த ஆகஸ்டில் தியாம்ஹோக் கரையில் நின்று புகையைப் பார்த்திருக்கிறார். தொலைநோக்கி வைத்திருந்த சிப்பாய் ஒருவனிடம் கெஞ்சி, கிணற்றிலிருந்து மூன்றாவது வீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவன் பார்த்துவிட்டு, இல்லை, தரைமட்டம் என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு குளிர்காலம் பொறுத்திருந்து, பிறகு இரண்டு பலகைகளையும் செய்யச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கல்யாணம். பழைய வழிபாட்டையெல்லாம் உடைத்தெறியச் சொல்லி அரசு கிளம்பிய வருடங்களில், அந்தப் பலகைகளை வலைக்கு அடியில் படகுக்குள் ஒளித்து வைத்தார். வருடக் கடைசி நாளில் படகை எடுத்துக்கொண்டு போக முடிந்த தூரம் போய், நங்கூரம் போட்டு, தீவைப் பார்த்து ஊதுபத்தி ஏற்றுவாராம். சின்ன வயதில் கியென்செங்கும் கூடப் போயிருக்கிறார்.

"அப்பா உங்களக் கூப்புடுவாருக்கா. பேரச் சொல்லி, சாப்புடுங்கன்னு."

"அந்த நேரம் நாங்க அவரக் கூப்புட்டுட்டு இருந்தோம்டா, சாப்புடுங்கன்னு."

அக்கா 'டா' போட்டதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்வார். ஆனால் கியென்செங் எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாராம்.

மறுநாள் அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். கியென்செங்கின் முகம் மாறியது.

"அப்பாவ எப்படிக்கா குடுக்கறது? எங்கம்மா பக்கத்துல இருக்காங்க. அவங்களத் தனியா விட்டுட்டு அவர் மட்டும் கெளம்புவாரா?"

"முழுசாவா கேக்கறேன்? அவர் முன்னாடி இருக்கற சாம்பல்ல ஒரு சிட்டிகை குடு. இங்கயும் இருக்கட்டும், அங்கயும் இருக்கட்டும். பெரிய கோயில்லேர்ந்து சின்னக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போறதில்லையா?"

"அவரக் கேப்போம்."

மாடத்தின் முன்னால் மண்டியிட்டு அக்கா பிறைக்கட்டைகளைக் கையில் எடுத்தார். "அப்பா, கின்மென் வீட்டுக்கு வர்றீங்களா?" இரண்டும் கவிழ்ந்தன. மறுபடி போட்டார். மறுபடி கவிழ்ந்தன. மூன்றாவது முறையும் இல்லை.

அக்கா தன்னையறியாமல் சொல்லிவிட்டார்: "தரை வாட்டமா இருக்கு."

கியென்செங் சிரித்துவிட்டார். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அப்பா சொல்வார்க்கா. உன் பெரியம்மா கட்டை போட்டா, சாமி ஆமாங்கற வரைக்கும் விட மாட்டா, ஊர் முழுக்க நகந்துக்கிட்டே போவான்னு. அந்தப் பேச்சு வந்தா அவருக்குச் சிரிப்பு தாங்காது."

அக்கா நகரவில்லை. கட்டைகளை மறுபடி கையில் எடுத்தார். அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பிறகு வேறு விதமாகக் கேட்டார்: "அப்பா, படகுல கூட்டிட்டுப் போறேன். நீங்க வந்த வழிதான். ஒரு இடம் விடாம சொல்லிக்கிட்டே வருவேன். வர்றீங்களா?"

ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது.

கடலை மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் காலி செய்து, சாம்பலை அதில் போட்டு, சிவப்புத் துணியில் சுற்றினார்கள். துறைமுகச் சோதனையில் அதைப் பிரிக்கச் சொன்னார்கள்.

"என்ன இது?"

"எங்கப்பா."

அதிகாரி பெட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தானே துணியைத் திருப்பிச் சுற்றிக் கொடுத்தார். தன் ஊரில் தானும் இப்படி ஒருவரைக் கொண்டுபோயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு ஒழுங்காக முடிச்சுப் போட வராது என்பது அக்காவின் கட்சி.

கப்பலின் பின்தளத்தில், வெயிலில், விரித்த குடைக்குக் கீழே பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். கப்பலில் வேலை செய்கிற இளைஞர் ஒருவர் ஓடி வந்தார்.

"அத்தை, குடைய மடக்குங்க! காத்துல பறந்துடுவீங்க!"

"எங்கப்பாவுக்கு வெயில் ஆகாது தம்பி."

"அப்பா எங்க?"

"பெட்டில."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, நல்லாப் பிடிச்சுக்குங்க. ரெண்டு பேரும்."

"ஏந்தம்பி, கோடு எப்ப வரும்? வர்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்த சொல்றியா? அவரத் தாண்டச் சொல்லணும்."

"எந்தக் கோடு?"

"எல்லை. அவங்க தண்ணி முடிஞ்சு நம்ம தண்ணி ஆரம்பிக்கற எடம்."

அவர் முன்னும் பின்னும் தண்ணீரைப் பார்த்தார். "அப்படி ஒரு கோடு... கெடையாதே அத்தை."

"இல்லாமயா அம்பது வருஷம் சுட்டாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். கறுப்புப் பாறை தெரிந்தால் நம்முடையது என்றார் மீன்பிடிக்கிற ஒருவர். அது அந்தக் காலம், இப்போது அவர்கள் வலை போடுவதே அங்கேதான் என்றார் இன்னொருவர். தண்ணீரின் நிறம் மாறும் என்றார் ஒரு பெண்மணி. நிறம் ஆற்றுச் சேற்றால் மாறுகிறது, அரசியலால் இல்லை என்று யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. கடற்படை ஒரு கோடு சொல்கிறது, காவல்படகு இன்னொன்று சொல்கிறது, எதிர்க்கரைக்காரன் கோடே இல்லை என்கிறான் என்று முன்னாள் சிப்பாய் ஒருவர் விரல்விட்டு எண்ணினார்.

கடல்தாய்க் கோயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்த கிழவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பாத்துக்கம்மா. சொல்லாம விட்டா அங்கயே நின்னுடுவார். நடுக்கடல்ல. இந்தப் பக்கமும் இல்லாம, அந்தப் பக்கமும் இல்லாம."

அக்கா பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஒரு இடம் விடாமல் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. முக்கியமான இடம் எதுவென்று கப்பலில் இருக்கிற யாருக்கும் தெரியவில்லை. கப்பலோ போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவேளை இப்போது தாண்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. அதனால் அவர் காத்திருக்கவில்லை. அந்த நொடியிலிருந்து பேச ஆரம்பித்தார்.

"அப்பா, வாங்க, தாண்டுங்க. இது குலாங்யு தீவு, பின்னாடி போகுது. வாங்க. இந்த அலையத் தாண்டுங்க. இதையும் தாண்டுங்க. அங்க பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அது அவங்களது. சீனா ஒண்ணாகணும்னு எழுதியிருக்கு. இந்தப் பக்கத் தீவுல எழுதியிருக்கறது நம்மளது. அதுவும் ஒண்ணாகணும்னுதான் எழுதியிருக்கு. ரெண்டையும் பாக்காதீங்க, நேரா வாங்க. மிதவை வருது, தாண்டுங்க. அப்பா, நான் சியோடி..."

கோடு எங்கே என்று தெரியாததால் நிறுத்தவும் முடியவில்லை. அலைக்கும் அலைக்கும் நடுவில் சொல்ல வேறொன்றும் இல்லாதபோது மற்றதைச் சொன்னார். வீடு இடிந்தபோது குழிக்குள் இருந்ததைச் சொன்னார். சிப்பி வயலின் வாசலில் தலை எண்ணுவதைச் சொன்னார். கல்யாணத்தைச் சொன்னார். "மாப்பிள்ள அதிகம் பேச மாட்டார்ப்பா, நல்லவர், நம்ம வீட்டோடதான் இருக்கார். தாண்டுங்க. கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கும் கிண்ணம் வச்சோம். தாண்டுங்க." பிள்ளைகள் பிறந்ததைச் சொன்னார். அம்மா கோயில் வாசற்படி வரை நகர்ந்ததைச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் முதலில் கேட்டார்கள், பிறகு ஒவ்வொருவராக விலகிப் போய் இடம் விட்டார்கள். அந்த இளைஞர் ஒருமுறை வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்பாவோட நான் பேசினது அந்த ஒரு தடவதான்" என்று அக்கா சொல்வார். "ஒரு வயசுக் குழந்தைக்கு என்ன பேசத் தெரிஞ்சிருக்கும்? அதுல எங்கயோ கோடு இருந்திருக்கும். எந்த வார்த்தையில தாண்டினார்னு தெரியாது. தாண்டிட்டார்."

துறையில் புன் அண்ணன் வண்டியோடு நின்றார். வீட்டு வாசலில் சாய்ஹுன் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் விரித்த குடை தெரிந்ததுமே அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தச் சமயம் நானும் அங்கே இருந்தேன். உள்ளே அவர் தானாகவே மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"நான் செத்துட்டேன்னு யாரோ ஒருத்தன் சொன்னானாம், இவர் நம்பினாராம். கட்டையப் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

"ரெண்டு வருஷம் காத்திருந்துதான்மா..."

"ரெண்டு வருஷம்! இங்க நான் ஒருத்தி அம்பது வருஷம் நகந்துக்கிட்டே இருந்தேன்." துணியைப் பிழிந்தார். மாடத்தை மறுபடி துடைத்துக்கொண்டே கேட்டார்: "பதினேழு வருஷமா வாசல்ல பட்டினியா நின்னாரா?"

"இல்லம்மா. அங்க நல்லாப் போட்டிருக்காங்க. அந்த அம்மாவும், அப்புறம் கியென்செங்கும்."

"சரி, அது போதும்" என்றார். பிறகு, "என் பலகைய என்ன செய்யறானாம்?"

"பயந்துபோய் இருக்கான். எரிக்கலாமான்னு கேட்டான்."

"எரிக்க வேணாம்னு சொல்லு. செவப்புத் தாள் ஒட்டி மூடி வைக்கச் சொல்லு. உயிரோட இருக்கறவங்க பேருக்கு அதுதானே மொற. ரெண்டுக்கும். என்னோடத எப்ப கிழிக்கணும்னு பின்னாடி சொல்லி அனுப்பலாம்."

அன்று மாலை அவர் முதன்முறையாகத் தன் கணவருக்கு ஊதுபத்தி ஏற்றினார். பிறைக்கட்டை போட்டு, வந்து சேர்ந்தாரா என்று கேட்கச் சொன்னார் அக்கா. ஒரே முறைதான் போட்டார். 'ஆமாம்' விழுந்தது. ஆனாலும் தரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

அந்த வருடக் கடைசி நாளிலும் பலகாரத்தோடு நான் அவர்கள் வீட்டில் நின்றிருந்தேன். மாடத்தில் புகை போய்க்கொண்டிருந்தது. இனி ஆறாவது கிண்ணம் இருக்காது என்று நினைத்திருந்தேன். அக்கா மேசையில் கிண்ணங்களை வைத்துக்கொண்டே வந்தார். ஐந்து முடிந்து ஆறாவதையும் வைத்துச் சிப்பிச் சேமியாவை ஊற்றினார்.

புன் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சியோடி, அப்பா இப்ப மேல இருக்கார்."

"அப்பாவுக்கு இல்ல. கியென்செங்குக்கு. அவன் நம்ம வீட்டு ஆள் இல்லியா? உயிரோடதானே இருக்கான்?"

"பேரு பலிச்சிடுச்சு" என்றார் சாய்ஹுன் அம்மா, கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்து. "விலாசம்தான் மாறிப்போச்சு."

கியென்செங் மூன்று நான்கு முறை வந்திருக்கிறார். நோய் பரவிய வருடங்களில் கப்பல் நின்றது. சாய்ஹுன் அம்மா கண்ணை மூடியது அப்போதுதான். கியென்செங்கால் வர முடியவில்லை. அங்கே அவர் ஒரு சிவப்புத் தாளைக் கிழித்தார். இன்னொன்று அப்படியே இருக்கிறது. கப்பல் மறுபடி ஓடுகிறது, ஆனால் காவல்படகுகள் இப்போதெல்லாம் மிக அருகில் வந்து திரும்புகின்றன. அவை ஊதுகிற நாட்களில் நான் எழுந்து போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் சியோடி அக்கா கிண்ணங்களைக் கழுவுகிற சத்தம் கேட்கும்.